தண்ணி கேட்காத கொங்கிறீற்

கொங்கிறீற்றுக்குத் தண்ணி விடக்கூடாது எண்டு என்ர முப்பத்துநாலு வருச வேலையில ஒரே ஒரு கலவைக்குத்தான் நான் எழுத வேண்டி வந்தது. அதையும் முதல் முறை மாறி எழுதிப்போட்டன்.

போன கிழமை, கிளிநொச்சிக் கந்தோரில என்ர கதிரையில இப்ப இருக்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் தம்பி கோல் எடுத்தார். வாய்க்கால் சிலாப்புகளை இனிச் சாம்பலிலதான் வார்க்க வேணும் எண்டு கடிதம் வந்திருக்காம். "அண்ணை, எங்கட தளப் புத்தகத்தில மட்டும் உத்தியோகத்தரின்ர கையெழுத்துக்குப் பக்கத்தில கூலியாளின்ர கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கு. வேற ஒரு கந்தோரிலயும் இப்பிடி இல்லை. சும்மா மினக்கேடல்லோ? எடுத்து விடட்டோ?" எண்டு கேட்டார். எடுக்க வேண்டாம், போனில சொல்ல ஏலாத கதை எண்டு சொல்லி வைச்சிட்டன். சொல்ல ஏலாதது எண்டு இல்லை, சொல்ல வெக்கமாக் கிடந்தது. அதுதான் இருந்து எழுதுறன்.

தொழில்நுட்பக் கல்லூரியில படிச்சது, பயிற்சி எடுத்தது எல்லாம் எல்லாரும் எழுதிற கதை, அதை விடுவம். உண்மையில எனக்கு வேலை பழக்கினது, துணுக்காய்ப் பக்கம் எனக்கு முதல் நியமனம் கிடைச்ச இடத்தில இருந்த ஓவசியர் ஐயா. கொங்கிறீற் போடுற அண்டைக்கு அவர் அந்தப் பக்கம் வரவே மாட்டார். மூண்டாம் நாள், உச்சி வெயிலுக்க, குடையோட வந்து, கொங்கிறீற்றுக்கு மேல போட்டிருக்கிற சாக்கைக் காலால தட்டிப் பார்ப்பார். சாக்குக் காய்ஞ்சிருந்தால் ஒரு சொல்லுப் பேச மாட்டார். குடையை மடக்கி என்ர கையில தந்திட்டு, தானே வாளியைத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போவார். தலை நரைச்ச மனுசன் தண்ணி சுமக்க, இருபத்தைஞ்சு வயசுக் காளை நான் குடையோட நிக்கிறன். ஐயோ, அந்த வெக்கம்! அதுக்குப் பிறகு நான் போட்ட ஒரு கொங்கிறீற்றும் ஈரமில்லாமல் கிடந்ததில்லை.

மேசன்மார் எனக்குத் 'தண்ணி ஐயா' எண்டு பட்டம் வைச்சவை. புதுசா மாற்றலாகி வந்த ஒரு அதிகாரி, நான் பெரிய குடிகாரனாக்கும் எண்டு நினைச்சு இரண்டு மாதம் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

தளப் புத்தகம் எண்டது பக்கத்துக்குப் பக்கம் இலக்கம் போட்ட, தடிச்ச மட்டைக் கொப்பி. அண்டைக்கு என்ன வேலை நடந்தது, எத்தனை பேர் நிண்டவை, நாளைக்கு என்ன செய்ய வேணும் எண்டு பின்னேரம் எழுதி நான் கையெழுத்து வைக்க வேணும். நான் இல்லாத நேரத்தில அங்க நிக்கிற ஆக்களுக்கு அந்தப் பக்கம்தான் கட்டளை. சில பேர் பக்கத்தின்ர தலையில பிள்ளையார் சுழி போடுவினம். நான் அடியில ஒரு வரி போடுவன்: 'ஏழு நாளைக்குக் காலையும் மாலையும் சாக்குப் போட்டுத் தண்ணி விடவும்.' அதை எழுத எனக்கு யோசினை தேவையில்லை, கை தன்ர பாட்டில எழுதும்.

சீமெந்து இல்லாமல் இருக்கிறது வன்னி ஆக்களுக்குப் புதினமில்லை. சண்டைக் காலத்தில வருசக்கணக்கா ஒரு பை சீமெந்தைக் கண்ணால காணாமல் இருந்தனாங்கள். சுண்ணாம்பையும் புத்து மண்ணையும் குழைச்சுக் கிணத்துக்கட்டுப் பூசினனாங்கள். ஆனால் பிறகு நாடு முழுக்கச் சாமான் தட்டுப்பாடு வந்துதே, அது வேற மாதிரி. ரோட்டுத் திறந்திருக்கு, கடை திறந்திருக்கு, சீமெந்துதான் இல்லை. தப்பித் தவறி இருந்தாலும் விலையைக் கேட்டால் தலை சுத்தும். அந்த நேரம் பார்த்து அக்கராயனில வாய்க்காலுக்கு மேல றக்ரர் கடக்கிற ஆறு சிலாப்பும் உடைஞ்சு கிடந்தது. காலபோக உழவுக்கு முதல் அதைப் போடாட்டி ஒரு றக்ரரும் வயலுக்க இறங்க ஏலாது. கமக்காரர் கந்தோர் வாசலில வந்து நிண்டு பேசின பேச்சை இதில எழுத ஏலாது.

அப்பதான் சுகிர்தா மேடம் எங்களுக்குப் பொறியியலாளரா வந்தா. வவுனியாப் பிள்ளை, என்னிலும் பாக்க இருபது வயசு குறைவு. அவாவின்ர போக்கு எனக்குப் பிடிபட ஒரு மாதம் போச்சு. சத்தம் போட மாட்டா. பணிப்பாளருக்கும் 'நீங்கள்', கேற்றடிக் காவலாளிக்கும் 'நீங்கள்'. ஆனால் ஆராவது "எல்லாம் சரி மேடம்" எண்டு சொல்லிப்போட்டால் முடிஞ்சுது. "எது சரி?" எண்டு கேப்பா. கேட்டிட்டுப் பேசாமல் நிப்பா. மறுமொழி வருமட்டும் நிண்டுகொண்டே இருப்பா. எழுதினதைக் கொண்டுபோய் நீட்டினால் கையில வாங்க மாட்டா, "வாசியுங்கோ" எண்டுவா. நாங்கள் எழுதினதை நாங்களே சத்தமா வாசிக்கேக்கதான் எவ்வளவு பேய்க்கதை எழுதி வைச்சிருக்கிறம் எண்டு தெரியும். கைப்பைக்க ஒரு சின்னச் சுத்தியல் வைச்சிருந்தா. கொங்கிறீற்றில இரண்டு தட்டுத் தட்டி, தலையைச் சரிச்சுக் காது குடுத்துக் கேப்பா.

"சீமெந்து வருமட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது, சாம்பலில வார்ப்பம்" எண்டு அவா சொன்னபோது நான் சிரிச்சுப்போட்டன்.

"மேடம், சாம்பலில சட்டி பானை மினுக்கலாம். றக்ரர் ஓடுமோ?"

"நீங்கள்தான் முதல் ஓட்டப் போறீங்கள்" எண்டா, முகத்தில சிரிப்பே இல்லாமல்.

நிலக்கரி மின் நிலையத்தில எரிச்சு மிஞ்சின சாம்பல் லொறியில வந்து இறங்கிச்சு. முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரிப் பட்டுப் போல கிடந்தது. மற்றது உமிச்சாம்பல். முரசுமோட்டையில ஒரு அரிசி ஆலையில நெல் அவிக்க உமி எரிச்சு, அந்தச் சாம்பலைப் பின்வளவில மலையாக் குவிச்சு வைச்சிருந்தினம். எடுக்கலாமோ எண்டு கேட்க, ஆலைக்காரர் "எடுங்கோ, எடுங்கோ, பக்கத்து வீட்டுக்காரரின்ர பேச்சில இருந்து நான் தப்பினன்" எண்டு தானே மண்வெட்டியும் தந்தார்.

உமிச்சாம்பலைக் கோஸ்ரிக் சோடாத் தண்ணியில போட்டுக் காய்ச்சி வடிக்க, சீனிப் பாணி மாதிரி ஒரு சாறு வரும். அந்தச் சாறில நிலக்கரிச் சாம்பல், மணல், சல்லி எல்லாத்தையும் குழைக்கிறது. இதில சீமெந்து ஒரு பிடியும் இல்லை. கோஸ்ரிக் சோடா பொல்லாத சாமான், தோலில பட்டால் அரிச்சுப்போடும். அதனால காய்ச்சுற ஆக்களுக்கு முழங்கை வரைக்கும் றப்பர்க் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. கையுறை இல்லாமல் கிட்ட வந்த மேசன் சிவராசாவை மேடம் ஒண்டும் சொல்லேல்லை, தன்ர கையுறையைக் கழட்டி நீட்டினா. அவன் வெக்கத்தில ஓடிப்போய்த் தன்ரையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

குழைச்ச கலவை கறுப்பா, பசை பிடிச்சுக் கிடந்தது. கலவை சுமக்கிற தாச்சியில ஒட்டினால் விடாது. "ஐயா, இது கொங்கிறீற் இல்லை, பண்டிகைக்குக் கிண்டுற தொதல்" எண்டான் சிவராசா. அவன் நல்ல வேலைகாரன், ஆனால் வாய் மட்டும் விடுமுறை எடுக்காது.

பிறகுதான் முக்கியமான விசயம். வார்த்து முடிச்ச கையோட கறுப்புப் பொலித்தீனால இறுக்கி மூடி, மூண்டு நாள் வெயிலுக்க விட வேணும். எங்கட வெயில் சும்மாவே மண்டையைப் பிளக்கும், கறுப்புப் பொலித்தீனுக்குக் கீழ கை வைக்கேலாது. அந்தச் சூட்டிலதான் அது இறுகும். தண்ணி ஒரு துளியும் படக்கூடாது. மேடம் எல்லாரையும் கூட்டி வைச்சுச் சொன்னா: "சீமெந்துக்குத் தண்ணிதான் சாப்பாடு. இதுக்கு அந்தக் காரச் சாறுதான் சாப்பாடு. மேல தண்ணி விட்டால் சாப்பிடுற பிள்ளையின்ர கோப்பையைப் பறிச்சுக் கழுவி வைக்கிற மாதிரி."

எல்லாரும் தலையாட்டினம். நானும் ஆட்டினன்.

காமாட்சியும் அண்டைக்கு அங்க நிண்டவா. சிலாப் வார்க்கிற எங்கட வேலை முற்றத்தில தண்ணி விடுற வேலை அவாவின்ரதான். மலையகத்தில இருந்து தாய் தகப்பனோட சின்ன வயசில வந்து, கிளிநொச்சிப் பக்கம் காணி வெட்டிக் குடியிருந்த குடும்பம். புருசன் இல்லை, கடைசி மகள் உயர்தரம் படிச்சுக்கொண்டிருந்தாள். பத்து வருசத்துக்கு மேல அமய ஊழியர், வேலை செய்த நாளுக்குத்தான் சம்பளம். அந்த மாதம் நிரந்தரமாக்கிற ஆக்களின்ர பட்டியல் தலைமைக் கந்தோருக்குப் போக இருந்தது. மேடம் சிபாரிசு எழுதினால்தான் அதில பெயர் நிக்கும். காமாட்சிக்கு அது கடைசிச் சந்தர்ப்பம், அடுத்த வருசம் வயசு எல்லையைத் தாண்டிப் போவா. அது கந்தோரில எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்.

பரீட்சைக்கு எண்டு முதலில ஒரு சின்னச் சிலாப் வார்த்தம், அண்டைக்குப் புத்தகம் எழுதினது மேடம். நாலாம் நாள் மேடம் தட்டினா. ணங் எண்டு கேட்டுது. நானும் சுத்தியலை வாங்கித் தட்டினன். சும்மா சொல்லக்கூடாது, சீமெந்திலயும் அப்பிடி ஒரு சத்தம் நான் அடிக்கடி கேட்டதில்லை. சிவராசா அண்டைக்கு முழுக்கத் தொதல் கதை கதைக்கேல்லை.

அந்த நம்பிக்கையில ஆறு சிலாப்பும் ஒரே நாளில வார்த்தம். மேடம் அண்டைக்கு நிக்கேல்லை, நாலு நாள் கூட்டம் எண்டு வவுனியாவுக்குப் போயிருந்தா. பொறுப்பு எனக்கு. எனக்கோ அடுத்த நாள் துணுக்காயில தங்கச்சியின்ர மகள் பெரியபிள்ளை ஆன சாமத்தியச் சடங்கு. தாய்மாமன் நான் போகாமல் பிள்ளைக்குத் தண்ணி வார்க்க மாட்டினம். கடைசிச் சிலாப்பைப் பொலித்தீனால மூடி முடிக்கப் பொழுது சாய்ஞ்சிட்டுது. தங்கச்சி மூண்டு தரம் கோல் எடுத்திட்டாள். புத்தகத்தைப் பெற்றோல் தாங்கியில வைச்சு, மோட்டார் சைக்கிளில இருந்தபடியே எழுதிக் கையெழுத்து வைச்சுக் காமாட்சியிட்ட நீட்டினன். மற்ற ஆக்கள் அடுத்த நாள் வேற வாய்க்காலுக்குப் போகினம், முற்றத்தில நிக்கப் போறது அவாவும் காவலாளியும்தான்.

காமாட்சி எழுத்துக் கூட்டி வாசிப்பா. வாசிச்சிட்டு நிமிர்ந்தா.

"ஐயா, மேடம் தண்ணி வேணாம்னு சொன்னாங்களே?"

நான் அப்ப ஹெல்மெற்றைப் போட்டிட்டன். மோட்டார் சைக்கிளும் ஸ்ராட். "புத்தகத்தில எழுதினபடி செய் பிள்ளை, சும்மா கேள்வி கேட்டு என்னை மினக்கெடுத்தாதை" எண்டு சொல்லிப்போட்டுப் போனனான்.

கேட்டவா. அதை நான் ஒருநாளும் மறைக்க மாட்டன். அவா கேட்டவா.

சடங்கு முடிஞ்சு, சிலாப் வார்த்த நாலாம் நாள் காலமை பலகாரப் பெட்டியோட முற்றத்துக்கு வந்தன். கேற்றால உள்ளிடேக்கயே தெரிஞ்சுது. பொலித்தீன் ஒரு பக்கம் வடிவா மடிச்சு வைச்சிருக்கு. ஆறு சிலாப்புக்கும் மேல ஈரச் சாக்கு. ஓடிப்போய்ச் சாக்கைத் தூக்கினன். மேலெல்லாம் வெள்ளையாப் பூத்துப்போய்க் கிடந்தது. நகத்தால கீறினன், சவர்க்காரம் மாதிரி வழிச்சுக்கொண்டு வந்தது. நிலத்தில தேங்கின தண்ணி வழுக்கிச்சு. ஆறும் போச்சு.

எனக்கு வந்த கோபத்தில கண் மண் தெரியேல்லை. "விசரே உனக்கு? ஆர் உன்னைத் தண்ணி விடச் சொன்னது?" எண்டு காமாட்சியைப் பார்த்துக் கத்தினன்.

அவா களஞ்சிய அறைக்குள்ள போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்தைத் திறந்து எனக்கு முன்னால பிடிச்சா. அடியில என்ர வரி. ஏழு நாளைக்குக் காலையும் மாலையும். கீழ என்ர கையெழுத்து. மோட்டார் சைக்கிளில வைச்சு எழுதினாலும் எழுத்து வடிவாத்தான் இருந்தது.

அப்பதான் புத்தகத்தைப் பிடிச்சிருந்த கையைக் கண்டன். விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு, சிவந்து, வெடிச்சுக் கிடந்தது. மூண்டு நாளும் அந்தக் காரத்தில ஊறின சாக்கை வெறுங்கையால தூக்கி நனைச்சுப் போட்டிருக்கிறா. கையுறை சாறு காய்ச்சின ஆக்களுக்குத்தான் குடுத்தனாங்கள், தண்ணி விடுற ஆளுக்கு என்னத்துக்கு எண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை. "எரியுதுதாங்க. ஆனா புத்தகத்துல எழுதியிருக்குதேன்னு ஊத்துனேன்" எண்டா.

அந்த நேரம் பார்த்து சிவராசாவும் மற்ற ஆக்களும் வேலைக்கு வர, மேடத்தின்ர ஜீப்பும் வந்து நிண்டுது.

மேடம் சிலாப்பைப் பார்த்தா. சுத்தியலை எடுத்தா. வார்த்த அண்டைக்கு அதே கலவையில சின்னப் பெட்டி அச்சில கட்டிகள் வார்த்து, களஞ்சிய அறையின்ர தகரக் கூரையில வைச்சிருந்தனாங்கள். தண்ணி படாத கட்டிகள். முதல் ஒரு கட்டியில தட்டினா, ணங். பிறகு சிலாப்பில தட்டினா, பொத். "மேடம், சாம்பல் பழுது போல" எண்டு சிவராசா தொடங்கினான். "சாம்பல் சரி, கட்டி சொல்லுது" எண்டா மேடம். பிறகு எல்லாரையும் பார்த்துக் கேட்டா:

"ஆர் தண்ணி விட்டது?"

"நாந்தாங்க மேடம்" எண்டு காமாட்சி முன்னுக்கு வந்தா. புத்தகம் மூடி அவாவின்ர கக்கத்துக்குள்ள இருந்தது.

"ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. பழக்கத்துல ஊத்திப்புட்டேன். மன்னிச்சிருங்க மேடம்."

நான் பக்கத்தில நிண்டனான். 'இல்லை மேடம்' எண்டு இரண்டு சொல்லுத்தான் சொல்ல வேண்டிக் கிடந்தது. வாய் வரேல்லை. ஓய்வுக்கு இரண்டு மாதம். என்ர சேவைக் கோவை சுத்தமா இருந்தால் ஓய்வூதியம் சிக்கலில்லாமல் வரும். அது அந்த நேரம் என்ர மண்டைக்குள்ள ஓடேல்லை எண்டு சொன்னால் பச்சைப் பொய். ஓடினது, வடிவா ஓடினது.

மேடம் காமாட்சியின்ர கையைப் பார்த்தா. வேற ஒண்டும் கேக்காமல், தன்ர ஜீப்பில ஏத்தி ஆசுப்பத்திரிக்கு அனுப்பினா. போக முதல் காமாட்சி புத்தகத்தை என்னட்டத் தந்திட்டுப் போனா. மேடம் என்னைப் பார்த்து, "நாளைக்குக் காலமை புத்தகத்தைக் கந்தோருக்குக் கொண்டு வாங்கோ. நிரந்தரப் பட்டியல் நாளைக்குத்தான் போகுது. காமாட்சியின்ர சிபாரிசை நான் இன்னும் ஒருக்கா யோசிக்க வேணும்" எண்டு சொன்னா.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போனன். வழி நெடுக எனக்கு ஒரே நினைப்பு: பாவம் அந்தப் பெட்டை, என்னில இரக்கப்பட்டு, என்ர ஓய்வூதியம் கெடக்கூடாது எண்டு பழியைத் தன்ர தலையில போட்டுக்கொண்டாளே. பெரிய மனசு எண்டு நினைச்சன். கண்ணும் கலங்கிச்சு. அப்பிடி நினைக்க எனக்குச் சுகமாவும் இருந்தது, அதையும் சொல்ல வேணும்.

அடுத்த நாள் காலமை மேடத்தின்ர மேசைக்கு முன்னால புத்தகத்தை நீட்டினன். அவா வாங்கேல்லை.

"வாசியுங்கோ."

திகதி வாசிச்சன். ஆக்களின்ர எண்ணிக்கை வாசிச்சன். எத்தனை பை சாம்பல், எத்தனை தாச்சி சல்லி எண்டு வாசிச்சன். நிப்பாட்டினன்.

"முடிஞ்சுதோ?"

முடிஞ்சுது எண்டு சொன்னால் அவா எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த உரிஞ்ச விரல்கள் கண்ணுக்கு முன்னால வந்து நிண்டுது.

"இன்னும் ஒரு வரி கிடக்கு மேடம்" எண்டு சொல்லி வாசிச்சன். என்ர குரல் எனக்கே வேற ஆரோவின்ர குரல் மாதிரிக் கேட்டுது.

மேடம் கேட்டா: "இதை எழுதேக்க என்ன நினைச்சீங்கள்?"

"ஒண்டும் நினைக்கேல்லை மேடம்."

"அவா உங்களைக் கேட்டவாவோ?"

"கேட்டவா. எழுதினபடி செய் எண்டு சொன்னனான்."

அவா என்னைப் பேசேல்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். "விளக்கக் கடிதம் இரண்டு பிரதி எழுதித் தாங்கோ" எண்டு சொல்லிப்போட்டு, எனக்கு முன்னாலயே பட்டியலை எடுத்துக் காமாட்சியின்ர பெயருக்கு நேர கையெழுத்து வைச்சா. முப்பத்துநாலு வருசத்தில என்ர கோவையில ஏறின முதல் விளக்கக் கடிதம் அதுதான். ஓய்வூதியமும் அதால சில மாதம் பிந்தித்தான் வந்தது. பிந்தினதுக்கு நான் ஒருத்தரையும் நோகேல்லை.

பின்னேரம் முற்றத்துக்குப் போனன். கையில கட்டோட காமாட்சி வேப்பமரத்துக்குக் கீழ இருந்தா. உன்ர பெயர் பட்டியலில போட்டாச்சு எண்டு சொன்னன். கையெடுத்துக் கும்பிட்டா. பிறகு நான் கேட்டன், நன்றி சொல்லிற மாதிரித்தான் கேட்டன்:

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ? என்னைக் காப்பாத்தவோ?"

"உங்களையா?" எண்டு உண்மையிலயே திகைச்சுப்போய்ப் பார்த்தா. "இல்லீங்க ஐயா. நீங்க கையெழுத்துப் போடுறவரு, நான் கூலி. ஐயாதான் சொன்னாருன்னு நான் சொல்லி, நான் சொல்லவே இல்லைன்னு நீங்க சொன்னா, யாரு பேச்சுங்க நிக்கும்? தப்பும் பண்ணிட்டு பொய்யும் சொல்றான்னு சேத்து எழுதுவாங்க. ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டா சில நேரம் விட்டுருவாங்க. எங்கப்பா தோட்டத்துல அப்படித்தான் பொழைச்சாரு."

"ஆனால் புத்தகத்தில என்ர எழுத்து இருந்ததே? அதைக் காட்டியிருக்கலாமே?"

"அந்தப் புத்தகம் உங்க வீட்டுக்குத்தானேங்க போகப்போகுது" எண்டா.

கோபமா இல்லை. மழை வரும் எண்டு சொல்லிற மாதிரிச் சொன்னா. எனக்குச் செவிட்டில அறைஞ்சது போல இருந்தது. ஏனெண்டால், முதல்நாள் பின்னேரம் வீட்டில அந்தப் புத்தகத்தை மடியில வைச்சு, தையலை விரிச்சு, இந்தத் தாளைப் பக்குவமா எடுத்தால் தெரியுமோ எண்டு நான் பார்த்தனான். எடுக்கேல்லை. ஆனால் பார்த்தனான். அதை அண்டைக்குக் காமாட்சிக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை, இப்பதான் எழுதுறன்.

பழுதான ஆறு சிலாப்பையும் நானும் சிவராசாவும் நிண்டு உடைச்சம். சிவராசா தன்ர வாயைத் திறக்கேல்லை, அதுக்கு அவனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறன். உழவுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. கமக்காரரிட்ட நானே போய், பிழை என்ரது, பத்து நாள் பொறுங்கோ எண்டு சொன்னன். பேச்சு வாங்கினன். வாங்க வேண்டியதுதானே.

திரும்ப வார்த்த அண்டைக்கு மேடம் நிண்டா. தண்ணி விடுற ஆளுக்கும் மூடுற ஆளுக்கும் புதுக் கையுறை வந்திருந்தது. பின்னேரம் நான் எழுதி முடிக்க, மேடம் புத்தகத்தை வாங்கி, என்ர கையெழுத்துக்குப் பக்கத்தில அடிமட்டம் வைச்சு ஒரு பெட்டி கீறினா. "இதைச் செய்யப் போற ஆளுக்கு நீங்கள் வாசிச்சுக் காட்ட வேணும். அவைக்கு விளங்கினால் இதில கையெழுத்து வைப்பினம். விளங்காட்டி வைக்க மாட்டினம். அந்தக் கையெழுத்து இல்லாமல் உங்கட கையெழுத்துச் செல்லாது" எண்டு சொல்லிப்போட்டு அங்கால போய் நிண்டா.

"காமாட்சி, இஞ்ச வாங்கோ" எண்டு கூப்பிட்டன். வந்தா. கட்டு அவிழ்த்து, விரலில புதுத் தோல் வந்திருந்தது. வாசிச்சன்: 'மூண்டு நாளைக்குப் பொலித்தீனைத் திறக்கக் கூடாது. தண்ணி விடக்கூடாது.' பேனையை நீட்டினன்.

அவா பேனையை வாங்கேல்லை. மேடம் நிக்கிற பக்கம் ஒருக்காப் பார்த்திட்டு, என்னைப் பார்த்து, "ஏங்க விடக்கூடாது?" எண்டு கேட்டா.

முப்பத்துநாலு வருசத்தில எனக்குக் கீழ வேலை செய்த ஒருத்தரும் என்னை 'ஏன்' எண்டு கேட்டதில்லை. கேட்ட ஒருத்தரையும் ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு பேசிப்போட்டுப் போனவன் நான். அண்டைக்கு நிண்டு சொன்னன். சீமெந்துக்கு என்ன சாப்பாடு, இதுக்கு என்ன சாப்பாடு, தண்ணி பட்டால் காரம் எப்பிடிக் கழுவுப்பட்டு வெளியால வரும், அது ஏன் கையை உரிக்கும் எண்டு ஒண்டும் விடாமல் சொன்னன். நாலு நிமிசம் போயிருக்காது. காமாட்சி முழுதையும் கேட்டுப்போட்டு, பேனையை வாங்கி, அந்தப் பெட்டிக்குள்ள ஒவ்வொரு எழுத்தா எழுதினா.

எழுதி முடிச்சுப் பேனையைத் திருப்பித் தரேக்க சொன்னா: "அன்னைக்குக் கேட்டப்பவே இதைச் சொல்லியிருக்கலாமேங்க."

தம்பி, அந்தப் பெட்டியை எடுத்துப்போடாதேயும்.